வாட்டர்கலர் கற்க சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

காவேரிப்பட்டினத்தில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். வயது 27, கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, இரண்டு வருடமாக வீடியோ பார்த்து வாட்டர்கலர் பழகுகிறீர்கள். “அவர்கள் செய்கிற மாதிரியேதான் செய்கிறேன், எனக்கு மட்டும் கலர் சேறாகிவிடுகிறது. கம்போசிஷன், அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது என்பது, சுத்தமாகப் பிடிபடவில்லை. அனுபவமுள்ள ஓவியர்களிடம் கற்றுக்கொள்ள சென்னைக்குத்தான் போகணுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் 26 வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் படம் போடும் ஒருவரின் பக்கத்தில் போய் உட்காரத்தான் வேண்டும். அந்த ஒன்றுக்கு மாற்று கிடையாது.

ஏன் என்றால், நீங்கள் பார்க்கும் வீடியோ 12 நிமிடம் ஓடுகிறது. அந்தப் படத்தைப் போட அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்திலும் பிரஷ் தாளில் பட்டுக்கொண்டே இருந்திருக்காது. நிறைய நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். தாளை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார், விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார், எழுந்து நாலு அடி பின்னால் போய் நின்றுவிட்டு வருவார். எடிட் செய்யும்போது முதலில் வெட்டிப் போடுவது இந்த நேரத்தைத்தான். ஆக, இரண்டு வருடமாக உங்களுக்குக் கிடைத்தது பிரஷ் அசைவு மட்டும். எப்போது கை வைக்கக் கூடாது என்பது கிடைக்கவே இல்லை. உங்கள் கலர் சேறாவதற்குப் பெரும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பேனர் ஆர்ட்டிஸ்ட். கடைப் பலகை, கட்சி பேனர் எல்லாம் எனாமலில் எழுதியவர், மாலையில் மட்டும் தனக்காக வாட்டர்கலர் போடுவார். 22 வயதில் அவரைத் தேடிப் போனேன். “அண்ணா, எனக்கும் சொல்லித் தாங்க” என்றதற்கு, “சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, உட்காரு” என்றார். முதல் மூன்று மாதம் அவருக்குத் தண்ணீர் மாற்றிக் கொடுத்ததும் தாளைப் பலகையில் ஒட்டிக் கொடுத்ததும்தான் என் வேலை. ஒருநாள் ஒகேனக்கல்லில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் போட்டேன். வானம் நன்றாக வந்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அதைச் சரி செய்யலாம் என்று பிரஷை நனைத்து வைத்தேன். அந்த இடத்தில் காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு கட்டிக்கொண்டது. அதைத் தேய்த்தேன், இன்னும் மோசமாயிற்று. அன்று மூன்று தாள் போயிற்று, மூன்றும் வானத்திலேயே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தாளில் வாஷ் (தண்ணீரில் நன்றாகக் கரைத்த கலரைப் பரப்புவது) போட்டு முடித்ததும் என் கையில் இருந்த பிரஷை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காயும் வரை திருப்பித் தரவில்லை. என் முதல் நல்ல வானம் அதுதான்.

இந்த ஈரக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேறு இடத்தில். காலையில் வாசல் தெளித்ததும் கோலம் போட மாட்டீர்கள். தண்ணீர் நிற்கும்போது போட்டால் மாவு கரைந்து ஓடும். நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் மாவு பிடிக்காமல் காற்றில் பறக்கும். நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது, அதைக் கண் பார்த்தே சொல்லும். தாளிலும் அப்படித்தான். வாஷ் போட்டவுடன் தண்ணீர் குளமாக நிற்கும். அப்போது இன்னொரு கலரை விட்டால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் குளம் வற்றி, தாள் முழுக்க ஒரே பளபளப்பாக இருக்கும். மேகம், தூரத்து மரம், மூடுபனி எல்லாவற்றுக்கும் இதுதான் நேரம், விட்ட கலர் மென்மையாகப் பரவும். அடுத்து பளபளப்பு மங்கிப் பட்டுத்துணி மாதிரி ஆகும். இந்தக் கட்டத்தில் தாளில் இருப்பதைவிடக் கெட்டியான கலர் என்றால் வைக்கலாம். தண்ணீர் அதிகமுள்ள பிரஷை வைத்தால் காலிஃப்ளவர்தான். அதற்கப்புறம் பளபளப்பு முழுக்கப் போய்விடும், ஆனாலும் விரலின் பின்பக்கத்தால் தொட்டால் சில்லென்று இருக்கும். கை வைக்கவே கூடாத நேரம் அது. பார்த்தால் காய்ந்த மாதிரி தெரிவதால்தான் எல்லோரும் இங்கே ஏமாறுகிறோம். சில்லிப்பும் போன பிறகே அடுத்த வாஷ்.

வாரத்தில் ஒரு நாள் படம் எதுவும் போடாமல் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, ஆறிலும் ஒரே நீல வாஷ். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று நேரம் விட்டு விட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு கெட்டிக் கலர் வையுங்கள். எது எப்படிப் பரவியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இதைச் சித்திரையிலும் மார்கழியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நம் ஊர் வெயிலில், ஃபேனுக்கு அடியில், வாஷ் கண்ணெதிரே காய்ந்துவிடும். குளிர்ப் பிரதேசத்து ஓவியர் “பத்து நிமிடம் பொறுங்கள்” என்று சொல்வதை ஏப்ரல் மாதத்தில் கிருஷ்ணகிரியில் இருந்து கேட்டு நடந்தால் படம் வராது. அதே ஏப்ரலில் ஓசூர், தளிப் பக்கம் போய்ப் போட்டால் காய இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அங்கே உயரம் அதிகம், காற்று குளிர்ச்சி. கோடையில் நான் தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, ஈரமான பிளாஸ்டிக் பலகையின் மேல் அப்பிப் போடுவேன். அப்போது மேல்பக்கம் நிதானமாகக் காயும். பூச்செடிக்கு அடிக்கிற சின்ன ஸ்பிரே பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

சேறாவதற்கு இன்னொரு காரணம் கலவை. ஒரு கலவையில் இரண்டு கலர், மிஞ்சினால் மூன்று. நாலாவது சேர்ந்தால் எல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பை நோக்கித்தான் போகும். என் தட்டில் இருப்பது ஆறே கலர்: லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), ரோஸ், அல்ட்ராமரின் (ஒரு நீலம்), பிரஷ்யன் ப்ளூ. நம் மாவட்டத்தை வரைய இதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. நம் பாறை முழுக்க அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும்தான். நீலம் கூடினால் நிழல் பக்கம், சியென்னா கூடினால் வெயில் பக்கம். தட்டில் முழுக்கக் கலக்கிச் சாம்பலாக்காமல், தாளில் ஒன்றை ஒன்று தொடவிட்டுப் பாருங்கள், பாறை தானாக உயிரோடு வரும். பச்சை ட்யூபே வேண்டாம். முற்றிய மாவிலைக்கு பிரஷ்யன் ப்ளூவும் பர்ன்ட் சியென்னாவும், வெயில் பட்ட இடத்தில் கொஞ்சம் லெமன். மாங்கொழுந்து பச்சையே இல்லை, செம்புக் கலர், அதற்கு சியென்னாவோடு துளி ரோஸ். பள்ளிக்கூடத்தில் “இலை என்றால் பச்சை” என்று பழக்கிவிடுகிறோம். தை மாதத்தில் ஒரு மாந்தோப்பு முன்னால் நின்று எண்ணிப் பார்த்தால் எத்தனை கலர் என்று தெரியும்.

கிரிம்சன் என்ற சிவப்பு வகையில் சில, வெயிலில் வெளிறிப் போகும். வாங்கும் ஒவ்வொரு கலரையும் ஒரு துண்டுத் தாளில் பட்டையாக அடித்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு கோடைக்கு ஒட்டிவையுங்கள். பட்டையின் இரண்டு பாதியும் வேறு வேறாகத் தெரிந்தால் அந்தக் கலரை விட்டுவிடுங்கள்.

தாள் பற்றி ஒரே ஒரு பேச்சு: பெயின்டில் சிக்கனம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள். மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாளில் வாஷ் போட்டால் அப்பளமாகச் சுருண்டு, பள்ளத்தில் எல்லாம் தண்ணீர் தேங்கும். பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமன் தாள் ஈரத்தைச் சீராக இழுத்து, கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைக்கும். விலை ஜாஸ்திதான். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை வாங்கி எட்டாகக் கிழித்தால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டு தாள் கிடைக்கும், இரண்டு பக்கமும் போடலாம். கலருக்கு கேமல் ஆர்ட்டிஸ்ட் வகையே போதும். பிரஷ் மூன்று: நுனி கூர்மையான 10 அல்லது 12ஆம் நம்பர் ரவுண்டு, ஓரங்குலத் தட்டை, கொடி கிளை இழுக்க ஒரு மெல்லிய நீளப் பிரஷ். எல்லாம் சிந்தெட்டிக்கே போதும். கீரிமுடி பிரஷ் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்தப் பிராணியைக் கொன்றுதான் எடுக்கிறார்கள்.

இனி கம்போசிஷன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அனுபவமுள்ள ஓவியர் என்றால் உயிரோடு இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டு பெரிய ஆட்கள் படம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792ஆம் ஆண்டில் சென்னையில் இருந்து கிளம்பி, அப்போது பாரமகால் என்று சொல்லப்பட்ட நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை வழியாக வந்தார்கள். வழியில் ராயக்கோட்டை மலையை வரைந்தார்கள், ஜெகதேவிப் பக்கத்து மலைக்கோட்டையையும் வரைந்தார்கள். பென்சிலிலும் வாஷிலும் எடுத்த இந்தியக் காட்சிகளை ஊர் திரும்பிய பிறகு அக்குவாடின்ட் என்ற செப்புத்தகட்டு அச்சாகச் செய்து, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். இணையத்தில் பெரிய அளவிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. அவர்கள் பேரோடு ராயக்கோட்டையைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ரையாகோட்டா’ (Ryacotta) என்று தேடினால் வரும்.

அந்தப் படங்களை ஒரு சுற்றுலாப் படம் மாதிரி பார்க்காமல், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இலை, கல், ஆள் எல்லாம் மறைந்து அடர்த்தி, அதாவது எது இருட்டு எது வெளிச்சம் என்பது, மட்டும் தெரியும். பெரும்பாலான படங்களில் அடர்த்தி மூன்று அடுக்காக இருக்கும். முன்னால் ஒரு நிழல் பட்டை, அதில் ஒரு மரமோ பாறையோ நாலு மனிதர்களோ. நடுவில் வெயில் விழும் தரை. பின்னால் மலை, அது வெளிறி வானத்தோடு ஒட்டிப் போகும். கோட்டை எவ்வளவு பெரியது என்று சொல்வது கோட்டை இல்லை, முன்னால் நிற்கும் அந்தச் சின்ன மனிதர்கள். இப்போது பஸ் ஏறி ராயக்கோட்டைக்குப் போய் அதே மலைக்கு முன்னால் நில்லுங்கள். மின்கம்பம், கடை, தக்காளி லாரி, விளம்பரத் தட்டி, எல்லாம் கண்ணில் படும். எல்லாவற்றையும் போட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த இருவர் எதை எடுத்தார்கள், எதை விட்டிருப்பார்கள் என்ற கேள்வியோடு நின்றால் போதும், கம்போசிஷன் வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையில் 6 செ.மீ.க்கு 4 செ.மீ. ஜன்னல் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பாருங்கள். கையை நீட்டினால் காட்சி சுருங்கும், கிட்டே கொண்டுவந்தால் விரியும். பிடித்த இடத்தில் நிறுத்தி, தீப்பெட்டி அளவுக்குப் பென்சிலில் ஒரு சின்னப் படம். அதில் மூன்றே அடர்த்தி: தாளின் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், நல்ல கறுப்பு. கோடு வேண்டாம், திட்டுத் திட்டாக நிரப்புங்கள். ஐந்து முதல் ஏழு திட்டுக்குள் காட்சி அடங்கவில்லை என்றால் இன்னும் எதையோ விட வேண்டியிருக்கிறது. இப்படி நாலு சின்னப் படம் போட்ட பிறகுதான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க வேண்டும். எண்ணெய் ஓவியத்தில் நடுவழியில் யோசனையை மாற்றலாம், மேலே பூசிக்கொள்ளலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான், மூடிய பிறகு அது திரும்பாது. நம் மாவட்டத்து மல்லப்பாடியில் பழங்காலப் பாறை ஓவியம் இருக்கிறது, அங்கே அந்தக் காலத்து மனிதர் வெள்ளை எடுத்து உருவம் தீட்டினார். நாம் அதற்கு நேர் எதிராகப் போகிறோம், சுற்றிலும் தீட்டிவிட்டு வெள்ளையைத் தொடாமல் விடுகிறோம். அதனால் எங்கே விடப்போகிறோம் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஒகேனக்கல் இதற்கு நல்ல பாடம். புதிதாகப் போகிறவர்கள் அருவியைத் தீட்டுவார்கள், நீலம் வெள்ளை என்று கோடு கோடாக. என் பேனர் ஆர்ட்டிஸ்ட் அண்ணா பாறையை மட்டும்தான் தீட்டுவார். ஈரப் பாறையின் கறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது. தண்ணீர் விழும் விளிம்பில் மட்டும் காய்ந்த பிரஷைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு, தாளின் சொரசொரப்பு மேடுகளில் மட்டும் கலர் பிடித்து, தண்ணீர் உடைகிற மாதிரி தெரியும். கீழே சாரல் எழும் இடத்தில் பாறையின் ஓரத்தைச் சுத்தமான ஈரப் பிரஷால் கரைத்துவிடுவார். அவ்வளவுதான் அருவி.

கண் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு படத்தில் ஓரிடம். அங்கே மட்டும் அடர்ந்த கறுப்பும் வெள்ளைத் தாளும் ஒட்டி நிற்கட்டும், விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். மற்ற இடத்தில் விளிம்பு கரையலாம், அடர்த்திகள் ஒன்றோடொன்று கலக்கலாம். கரையில் கவிழ்த்துக் காயவைத்த பரிசல்கள் இருக்கின்றன அல்லவா, மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் கண் அங்கே நிற்காது. ஒன்று பெரிது, அதன் பின்னால் பாதி மறைந்து ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று. பெரிய பரிசலின் விளிம்பு மட்டும் வெயிலில் பளிச்சென்று, மற்ற இரண்டும் மணலின் நிழலோடு சேர்ந்து போகட்டும். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதி என்று புத்தகங்களில் ஒன்றைச் சொல்வார்கள். தொடக்கத்தில் உதவும், தொடுவானத்தை நடுமத்தியில் போடாமல் காப்பாற்றும். ஆனால் அடர்த்தி சரியில்லாத படத்தை அந்த விதி காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

அடிக்கடி நடக்கும் இரண்டு தவறு. ஒன்று, முட்டல். தென்னை நுனி சரியாக மலை உச்சியைத் தொட்டு நிற்கும், கூரையின் ஓரம் தொடுவானத்தோடு ஒட்டிப் போகும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுங்கள், இல்லையென்றால் பிரித்து வையுங்கள். இரண்டாவது, ஆட்கள். சந்தையில் நின்றபடி வரைந்தால், தரை சமமாக இருக்கும் வரை, கிட்டே நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கும். கால்தான் மேலே மேலே போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாலக்கோடு சந்தைக் கூட்டத்தையே போடலாம். முகம் வரைய வேண்டியதில்லை.

சரி, யாரிடம் போவது?

முதலில் பக்கத்தில் தேடுங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலையும் முடித்துவிட்டு வந்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோன பேனர் ஆர்ட்டிஸ்டுகளும் இருக்கிறார்கள். இருபது அடித் தட்டியில் உருவத்தைக் கட்டம் போட்டு ஏற்றியவர்களின் கைக்கணக்கு சாதாரணம் இல்லை. அவர்களைக் கேட்டு வருபவர் இல்லை என்பதுதான் என் மனக்குறை. ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவிய வகுப்பு உண்டு, ஆனால் அது 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. அங்கே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை நீங்கள் தனியாகப் பார்த்துப் பேசலாமே.

அப்புறம் பெங்களூரு. உங்களுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம், பஸ்ஸில் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்திரச் சந்தை நடத்துகிறது. குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் படங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரம் படத்தைப் பார்ப்பதைவிட, வாட்டர்கலர் போட்டிருக்கும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் நில்லுங்கள். காலை நேரம் என்றால் பேசுவார்கள், கூட்டம் சேர்ந்தபின் முடியாது. கஸ்தூரிபா சாலையில் வேங்கடப்பா கலைக்கூடம் இருக்கிறது. வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற மைசூர் ஓவியர் கே. வேங்கடப்பா பேரில் அமைந்தது. ஊட்டியையும் கொடைக்கானலையும் அவர் நீர்வண்ணத்தில் போட்ட விதம் நிதானத்துக்கு எடுத்துக்காட்டு. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுக்கள் வார இறுதியில் தெருவில் கூடி வரைகிறார்கள். கட்டணம் இல்லை, புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

போனால் எப்படி உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “எனக்குக் கற்றுக்கொடுங்கள்” என்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள், அது பெரிய பொறுப்பு. “சார், நீங்க அடுத்த தடவை வெளியே போடப் போகும்போது பக்கத்தில உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். உங்கள் படங்களையும் எடுத்துப் போங்கள், நன்றாக வந்ததை இல்லை, கெட்டுப்போனதை. கெட்டதைப் பார்த்தால்தான் எங்கே கெட்டது என்று சொல்ல முடியும். அவர் போடும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பிரஷையும் கலர்த் தட்டையும் பாருங்கள். தண்ணீரில் முக்கிய பிறகு துணியில் எத்தனை தடவை ஒற்றுகிறார், கலவை பால் மாதிரி இருக்கிறதா தயிர் மாதிரியா, பலகையை எந்தப் பக்கம் சாய்க்கிறார். நோட்டில் இடது ஓரத்தில் மணி எழுதி, வலதுபக்கம் அவர் செய்ததை எழுதுங்கள். 7.10 வானம். 7.14 நிறுத்திவிட்டார். 7.22 தூரத்து மலை. அந்த 7.14க்கும் 7.22க்கும் நடுவில் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வாஷ் ஈரமாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். காய்ந்த பிறகு கேளுங்கள்: “அந்த ஓரத்தை ஏன் அப்படியே விட்டீங்க?” “எதைப் பார்த்து நிறுத்தினீங்க?” என் அனுபவத்தில், “என்ன கலர் போட்டீங்க” என்பதற்கு வரும் பதிலைவிட இதற்கு வரும் பதில்தான் பத்து வருடம் கழித்தும் கையில் நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அதே காட்சியை அதே வரிசையில், அந்த மணிக்கணக்குப்படியே ஒருமுறை போடுங்கள். அவர் படத்தைப் பார்த்துப் போட்டது என்றால் பின்னால் அவர் பெயரை எழுதிவையுங்கள், உங்கள் படமாகக் காட்டாதீர்கள். பிறகு உங்கள் ஊர்க் காட்சி ஒன்றை எடுத்து அந்த முறையில் போடுங்கள். வீடியோவையும் விட வேண்டாம். இனிமேல் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டு வரும்போதும் நிறுத்தி, இங்கே எவ்வளவு நேரம் போயிருக்கும், தாள் எந்த ஈரத்தில் இருந்திருக்கும் என்று யோசித்து எழுதுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்து கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, பக்கம்தான். மார்கழி, தை மாதங்களில் காலை ஆறரைக்கு அங்கே தண்ணீரும் மலையும் வானமும் ஒரே சாம்பல் நீலத்தில் இருக்கும், மூன்று அடர்த்தி தனியாகத் தேட வேண்டியதே இல்லை. பனியில் தாள் நிதானமாகக் காயும், தொடக்கக்காரர்களுக்கு அந்த நேரம் பெரிய உதவி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிக் காட்சி மாறிவிடும். அதனால் தாளை முந்தின இரவே பலகையில் ஒட்டி வைத்துவிடுங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில் வீட்டில் இருந்தே கொண்டுபோங்கள். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலக்க. கூட வரும் பெரியவருக்கு ஃப்ளாஸ்கில் டீ.